மாவுத் தராசில் ஒரு துப்பாக்கிக் கட்டை

1

இந்தக் கதை என் சமையலறைத் தராசு காணாமல் போனதில் தொடங்கியது. காணாமல் போனது என்று சொல்வது சரியில்லை. பக்கத்து வீட்டு மெரின் கேட்டாள், கொடுத்தேன். கேக்குக்கு மாவு நிறுக்கிற சின்னத் தராசு அது. ஸ்கோன் ரொட்டி ஏதாவது சுடப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மெரினுக்கும் அடுப்புக்கும் தூரம் அதிகம். ஆனாலும் மனிதர்கள் மாறுவார்கள் என்று நம்பித்தான் நான் பிழைக்கிறேன். குடும்பக் காதல் கதைகள் எழுதுகிறவள் நான்.

மறுநாள் எனக்கு வெண்ணெய் நிறுக்க வேண்டியிருந்தது. வெண்ணெயையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசைமேல் என் தராசு, அதன்மேல் கவிழ்த்து வைத்த சூப் கிண்ணம், கிண்ணத்தின்மேல் குறுக்காக ஒரு ரைஃபிள். கிண்ணம் எதற்கு என்று கேட்டேன். நேராக வைத்தால் தராசு காட்டும் எண்ணைத் துப்பாக்கி மறைத்துவிடுகிறதாம். அவள் கணவன் டூகல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து எண்ணைப் படித்துக்கொண்டிருந்தான்.

“வெண்ணெய இதுமேலயே வைச்சு நிறுத்துக்க, வாஸ்,” என்றான் என்னிடம். “அப்புறம் கழிச்சுக்கலாம்.”

எண் அவர்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தது. மெரினுக்கு அதில் ஒரு நிம்மதி. துப்பாக்கியில் ஒன்றும் கனமில்லை, இதற்குப் போய்ப் புதிதாக ஒன்று எதற்கு என்று சொல்லிக்கொண்டே போனாள். டூகல் எண்ணை இன்னொரு தடவை படித்தான். பிறகு உள்ளே போய், பூட்டிய பெட்டியைத் திறந்து, ஓர் இரும்புத் தண்டை எடுத்துவந்து கிண்ணத்தின்மேல் வைத்தான். தோட்டாவைப் பின்னாலிருந்து தள்ளி அடைக்கிற போல்ட். பாதுகாப்புக்காக அதைக் கழற்றித் தனியாகப் பூட்டி வைப்பது நான் குடிவந்த இந்த நாட்டில் எல்லா வீட்டிலும் பழக்கம். அந்தப் பழக்கத்தில், போல்ட் இல்லாத துப்பாக்கியை நிறுத்துவிட்டார்கள்.

எண் ஏறியது. மெரின் முகம் இறங்கியது.

நான் வெண்ணெயை மறந்தேன். ஒரு பெண் துப்பாக்கி கனமாக இருக்கக் கூடாது என்று ஏன் அவ்வளவு ஆசைப்பட வேண்டும்? அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். தராசை அங்கேயே விட்டுவிட்டேன்.

2

முதலில் இப்படி எழுதினேன்:

பனி மூடிய மலையடிவாரத்தில், அந்த ரைஃபிளின் கருங்குழல்…

வேண்டாம். ரைஃபிள் என்று பார்த்ததுமே வாசகர் யாரோ சாகப் போகிறார் என்று காத்திருக்கத் தொடங்கிவிடுவார். இப்போதே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் மனிதர் யாரும் சாகவில்லை. ஓர் ஆடு அடிபட்டது. அதுவும் கதை தொடங்குவதற்கு முன்னால்.

இரண்டாவது முயற்சி:

டூகலுக்கு மெரினைவிட அந்தத் துப்பாக்கியின்மேல்தான்…

இது பொய். அவனுக்கு அதன்மேல் தனிப் பாசம் எதுவும் இல்லை. கல்யாணமான புதிதில் யாரோ விற்றதை வாங்கினார்கள். நன்றாகச் சுட்டது, வைத்துக்கொண்டார்கள். [எந்த அப்பாவும் சாகும்போது அதைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. விசாரித்தேன். கொடுத்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும்.]

மூன்றாவது:

துப்பாக்கியின் கட்டை யார் கைக்கு அளவாக இருக்கிறதோ, துப்பாக்கி அவருடையது.

இது தொடக்கமாக இல்லை, முடிவு மாதிரி இருக்கிறது. அதுவும் கொஞ்சம் அலட்டலான முடிவு. அடித்து ஓரத்தில் வைத்திருக்கிறேன். [கட்டை என்று நான் சொல்வது தோளில் பதிகிற பின்பகுதியை. குழலைத் தாங்குவதும் அதுதான், கன்னம் சாய்வதும் அதன்மேல்தான். மரத்தில் இருந்தால் துப்பாக்கியின் கனத்தில் பெரும்பங்கு அதனுடையது.]

3

இனி ஆட்களைச் சொல்லிவிடுகிறேன்.

டூகல் பண்ணைகளுக்கு வேலி போடுகிறவன். நல்ல உயரம், நீளக் கைகள். காலமெல்லாம் கம்பி இழுத்து வலது தோள் தேய்ந்து, போன வருடம் கத்தி வைத்தாயிற்று. மெரின் கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். அவன் சட்டைப்பை உயரத்துக்குத்தான் இருப்பாள். ஆனால் கன்றுக்குட்டியின் வாயை ஒரு கையால் பிளந்து மறு கையால் மருந்து ஊற்றிவிடுவாள்.

ஒவ்வொரு குளிர்காலமும் இருவரும் ‘டூ தம்’ மலைத்தொடருக்கு ஏறிப்போவார்கள், வரையாட்டு வேட்டைக்கு.* இரண்டு பேருக்கும் ஒரே துப்பாக்கி. அந்தச் செங்குத்தில் இரண்டாவது துப்பாக்கியைச் சுமக்க யாருக்கும் முதுகு இல்லை. பைனாகுலர் மெரின் கழுத்தில் இருக்கும். பாறைக்கும் ஆட்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது அவள் வேலை. விசையை இழுப்பது அவன் வேலை. அவள் கண், அவன் விரல் என்று இத்தனை வருடம் ஓடிவிட்டது. அவர்கள் வீட்டுச் சட்டம் ஒன்று உண்டு. சுட்டவர்தான் ஆட்டின் கனமான பின்னங்கால்களைச் சுமந்து இறங்க வேண்டும், மற்றவருக்கு மிச்சம்.

(* ஆமாம், நம் நீலகிரியில் சட்டம் போட்டுக் காப்பாற்றுகிறோமே, அந்த வரையாட்டுக்குத் தூரத்துச் சொந்தம். இமயமலை ஆடு. யாரோ கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள், பெருகி மலைச் செடிகளை மொட்டையடிக்கிறது. இங்கே அதைச் சுட்டால் யாரும் திட்டுவதில்லை. நான் வந்த புதிதில் மெரின் கொடுத்தனுப்பிய கறியை மிளகு போட்டு வறுத்துவிட்டு, வெகுநேரம் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

போன குளிர்காலம், தோளில் கத்தி வைப்பதற்கு முன்னால், டூகல் குறி தவறினான். தவறியே போயிருந்தால் பரவாயில்லை. குண்டு ஆட்டின் காலில் பட்டது. மூன்று காலில் அது பாறைச் சரிவுக்கு அப்பால் போய்விட்டது, மனிதர் போக முடியாத இடத்துக்கு. இருட்டும்வரை தேடினார்கள். டூகல் அன்று சாப்பிடவில்லை என்று மெரின் சொன்னாள்.

துப்பாக்கி கனம், கை நடுங்கிவிட்டது என்பது டூகல் சொன்ன காரணம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் மட்டும் மூன்று தடவை சொல்லியிருக்கிறான், நான் கேட்காமலே. [கேட்காமல் மூன்று தடவை சொல்லப்படும் காரணத்தை நான் நம்புவதில்லை. கதை எழுதுகிறவர்களுக்கு இந்தக் கெட்ட புத்தி உண்டு.]

மெரின் அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். என் வீட்டு மேசையில், தேநீர் ஆறிப்போனபிறகு.

“கண்ண மூடிக்கிட்டான், வாஸ். என் மூச்சுப் பட்டு பைனாகுலர் மங்கிடுச்சு, தொடைக்கறதுக்கு எறக்கினேன். அப்ப பார்த்தேன். சத்தம் வர்றதுக்கு முன்னாடியே கண்ண மூடிட்டான்.”

அவனிடம் சொன்னாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள். சொன்னால் அவன் இனி மலைக்கே வரமாட்டான். சொல்லாவிட்டால் இலேசான துப்பாக்கி ஒன்றை வாங்குவான். அது இன்னும் பலமாக உதைக்கும், அவன் இன்னும் இறுக்கமாகக் கண்ணை மூடுவான், இன்னொரு ஆடு மூன்று காலில் போகும்.

அப்படியானால் நீ மட்டும் போகலாமே என்றேன். இப்போது யோசித்தால் மடத்தனமான யோசனை.

“அவன் வராத மலைல எனக்கு என்ன இருக்கு?” என்றாள்.

அந்த நிமிடம் எனக்குத் தெரிந்துவிட்டது, துப்பாக்கி இருந்தாலும் இது நான் எழுதக்கூடிய கதைதான் என்று.

4

கடை பக்கத்து ஊரான டிமாருவில். கடைக்காரன் ராவிரி துப்பாக்கி பழுது பார்ப்பவனும்கூட. அவர்களோடு நானும் போயிருந்தேன். கதைக்காகப் போகிறேன் என்று சொல்லவில்லை, துணி வாங்க வேண்டும் என்று சொன்னேன். துணி வாங்கவில்லை.

டூகல் பையிலிருந்து என் தராசை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தான்.

“எங்கிட்ட தராசு இல்லன்னு யாரு சொன்னா, மேட்?” என்றான் ராவிரி.

“இது பழகின தராசு,” என்றான் டூகல்.

ராவிரி புதுத் துப்பாக்கியை என் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னான். நான் கனத்துக்குத் தயாராகி வாங்கினதால் கை தானாக மேலே போய்விட்டது. இருக்கும் என்று நினைத்த கனம் இல்லாவிட்டால் உடம்பு எப்படி ஏமாறுகிறது என்று அன்றுதான் பார்த்தேன். கட்டை வெளியே கருப்பு நார் ஓடு, உள்ளே நுரை. தட்டினால் நன்றாக வெந்த ரொட்டியின் சத்தம்.

பிறகு அவன் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். துப்பாக்கிக்கு இரண்டு கனம். சுமக்கும்போது ஒன்று, சுடும்போது ஒன்று. முதல் கனத்தைக் குறைத்தால் இரண்டாவது ஏறும், ஏனென்றால் உதையை வாங்கிக்கொள்ள இரும்பும் மரமும் இல்லை, தோள்தான் இருக்கிறது. டூகல் இதையெல்லாம் ஏற்கெனவே தெரிந்தவன்போல் தலையாட்டினான். மெரின் சுவரில் மாட்டியிருந்த மான்கொம்பைப் பார்த்தாள்.

அந்தப் புதுத் துப்பாக்கிக்குப் பொருத்தக் கட்டையில் இரண்டு வகை இருந்தது. இந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு வகையில் பின்பக்கம் தகடுகள், திருகுகள். நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். டூகல் சுடும்போது தகடுகளைச் சேர்த்து, மெரின் சுடும்போது எடுத்துவிடலாம். ஆனால் கனம். இலேசுக்காகச் செலவழித்ததில் பாதி அதிலேயே திரும்பிவிடும். இன்னொரு வகையில் ஒன்றுமில்லை, வெறும் ஓடு. அதை ஒருவர் கைநீளத்துக்கு வெட்டிப் பொருத்துவான். வெட்டினால் வெட்டினதுதான், ஒட்ட முடியாது.

இருவருக்கும் பொருந்துவது கனம். ஒருவருக்குப் பொருந்துவது இலேசு. [இதை நான் கற்பனை செய்திருந்தால் மிகவும் வசதியாக இருக்கிறது என்று அடித்திருப்பேன்.]

“அப்ப யார் கைக்கு?” என்று ராவிரி கேட்டான். அவன் பென்சிலைத் தேடிக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டான்.

டூகல் மெரினைப் பார்த்தான், மெரின் மறுபடி மான்கொம்பைப் பார்த்தாள். சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும் என்று அவனே சொல்லி, ஞாயிற்றுக்கிழமை தன்னுடைய இலேசான துப்பாக்கியைச் சுடுகளத்துக்குக் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டான்.

5

ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. அதனால் இந்தப் பகுதி என்னிடம் இரண்டாக இருக்கிறது.

மெரின் சொன்னது: தோளில் கத்தி வைத்ததிலிருந்து அவனுக்குத் தோட்டா போட்டுக் கொடுப்பது அவள்தான். முதலில் சிலவற்றைப் போட்டுக் கொடுத்தாள், சுட்டான். பிறகு ஒரு தடவை தோட்டா போடாமல் போல்ட்டை மட்டும் மூடிக் கொடுத்தாள். அவனுக்குத் தெரியாது. அவன் இழுத்தான். ‘டிக்’. வெடிக்காத துப்பாக்கி உதைக்காது, அசையக் காரணமே இல்லை. ஆனால் உதை வரும் என்று அவன் உடம்பு முந்திக்கொண்டதில் குழல் குப்புற இறங்கியது.

“மண்ணப் பார்த்துச்சு,” என்றாள். “ஏமாத்திட்டேன் அவன. வேற வழி தெரியல.”

டூகல் சொன்னது: அவனேதான் கேட்டான். ஏதாவது ஒரு தடவை காலியாகக் கொடு, எப்போது என்று மட்டும் சொல்லாதே என்று மெரினிடம் சொன்னானாம். போன குளிர்காலத்திலிருந்து அவனுக்கே ஒரு சந்தேகம் இருந்ததாம்.

“அவ மேல தப்பில்ல,” என்றான். “நான் கேட்டேன், அவ செஞ்சா.”

அவள்மேல் தப்பு என்று நான் சொல்லவே இல்லை.

[துப்பாக்கி தெரிந்த வாசகர் கேட்பார், குழல் நுனியில் உதையைக் குறைக்கிற குப்பி ஒன்றை மாட்டலாமே என்று. மாட்டியிருந்தார்கள். உதை குறைந்தது. கண் மூடுவது குறையவில்லை. அது தோளில் இல்லையே.]

இதற்குப் பிறகு நடந்ததில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். ராவிரி தன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். டூகல் துப்பாக்கியை எடுத்துத் திரும்பி நின்று, தோட்டா போட்டானா இல்லையா என்று அவளுக்குத் தெரியாமல் மூடி, மெரினிடம் கொடுத்தான். கட்டை அவளுக்கு நீளம். கழுத்தை நீட்டி, கன்னத்தைத் தேடிப் பொருத்தி, மூச்சைவிட்டு, இழுத்தாள். ‘டிக்’.

குழல் அசையவில்லை.

“அசையல,” என்றான் டூகல்.

அவன் சொன்ன கதையில் அதை ஒரு தடவை சொன்னான். அவள் சொன்ன கதையில் இரண்டு தடவை.

6

இங்கே நின்றுவிட்டது. அவர்கள் எதுவும் வாங்காமல் வீடு திரும்பினார்கள், எனக்கும் வேறு வழியில்லாமல் நானே முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. தகடு வைத்த கட்டையை வாங்குகிறார்கள். இருவருக்கும் பொருந்தும், யாருக்கும் மனவருத்தமில்லை. ‘மாறி மாறிச் சுமந்து, மாறி மாறிச் சுட்டு, அந்தக் கனத்தையும் இருவருமாகப் பங்கு போட்டு…’ என் வாசகிகளுக்கு இது பிடிக்கும், எனக்குப் பழக்கமும்கூட. ஆனால் எழுதும்போதே கையில் ஒரு கூச்சம். ஆடு எதிரில் வந்து நிற்கும்போது தகடுகளைத் திருகிக்கொண்டிருக்க முடியாது. அந்த நிமிடம் ஒருவர் தோளில்தான் கட்டை இருந்தாக வேண்டும். ஆட்டைப் பற்றி யோசிக்காத முடிவு இது.

இரண்டு. துப்பாக்கியையே விற்றுவிடுகிறார்கள். குளிர்காலத்தில் டூகல் ஜன்னலருகில் உட்கார்ந்து மலையை… இரண்டு வரிக்குமேல் போகவில்லை. ஜன்னலருகில் உட்கார்ந்த டூகலை எனக்குத் தெரியாது. அப்படி ஒரு ஆளை நான் வேறு கதைகளிலிருந்து தூக்கி வந்திருக்கிறேன்.

மூன்று. மெரின் கடைக்குத் தனியாகப் போய் முடிவெடுத்துவிட்டு வந்து, டூகலிடம்… இதில் அவள் பேச வேண்டிய வசனம் எனக்கு வரவே இல்லை. ஏழெட்டு விதமாக எழுதினேன். எல்லாவற்றிலும் அவள் என்னைப்போலப் பேசினாள்.

இதற்குள் கதையில் என்ன ஆகும் என்பதைவிட வேலிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது. ஒரு நாள் அவர்கள் வண்டி டிமாரு சாலையில் திரும்புவதைப் பார்த்தேன். துணி வாங்க வேண்டும் என்று மறுபடியும் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

7

நேற்று தராசு திரும்பி வந்தது. அட்டைப் பெட்டியில் போட்டு, என் பின்கதவருகே வைத்துவிட்டுப் போயிருந்தாள் மெரின். நன்றாகத் துடைத்திருந்தாள். இருந்தும் எண்ணெய் வாசம் போகவில்லை. என் அடுத்த சில கேக்குகளை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

தராசை எடுத்தபோது பெட்டியின் அடியில் ஏதோ உருண்டது. முட்டை வடிவத்தில், விரல் தடிமனில் ஒரு வில்லை. சுற்றிலும் கருப்பு ஓடு, நடுவில் வெளிர்மஞ்சள் நுரை. வெட்டிய பக்கம் கைக்கு வழவழப்பாக இருந்தது. அவர்கள் பார்க்காமல் அதையும் பெட்டியில் போட்டுவிட்டிருக்க வேண்டும்.

கடையில் வருகிற நீளம் டூகலின் கைக்கு அப்படியே சரியாக இருக்கும் என்று ராவிரி அன்றே சொல்லியிருந்தான். வெட்டியிருக்கிறார்கள் என்றால் அது மெரினுக்காக.

இன்று காலையில் அவர்கள் கிளம்பினார்கள். நான் குப்பைத்தொட்டியை வெளியே வைக்கப் போனவள்போல் வேலியருகே போனேன். மெரின் பிக்கப் வண்டியின் பின்னால் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நீளமான உறை ஒன்று அவள் பையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. டூகல் வீட்டுக்குள் எதையோ பூட்டிக்கொண்டிருந்தான்.

கட்டையை உனக்கு வெட்டச் சொன்னது யார் என்று கேட்டேன். பீடிகை எதுவும் போடவில்லை. தெரிந்துகொள்ளாமல் இன்னொரு நாள் இருந்திருக்க முடியாது.

“டூகல்தான்,” என்றாள் கயிற்றை இழுத்தபடி. “கடைக்குள்ள நுழைஞ்சதும் சொல்லிட்டான். நான் வாயே தொறக்கல.”

ஃபிளாஸ்க்கை மறந்துவிட்டதாகச் சொல்லி உள்ளே போனாள். அவள் போக, அவன் வந்தான். கழுத்தில் பைனாகுலர். வாரை இன்னும் மெரின் அளவுக்கே விட்டிருந்ததால், அது அவன் நெஞ்சின் உச்சியில், குழந்தைக்குச் சோறூட்டும்போது கட்டுகிற துணிபோல் ஏறி நின்றது. வாரைத் தளர்த்திக்கொள்ளலாமே என்றேன். இருக்கட்டும் என்றான்.

அவனிடமும் அதே கேள்வியைக் கேட்டேன்.

“மெரின்தான்,” என்றான். “நான் எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டே போனேன். அதுக்குள்ள அவளே சொல்லிட்டா. நல்ல வேளை.” பிறகு குரலைத் தாழ்த்தி, “இனிமே பின்னங்கால் ரெண்டும் அவ முதுகுல. அத அவ இன்னும் யோசிக்கல,” என்றான்.

யோசித்திருந்தாள். ஃபிளாஸ்க்கோடு படியிறங்கி வந்தவள் காதில் அது விழுந்துவிட்டது.

“மொதல்ல ஆட்டக் கண்டுபிடி,” என்றாள். “பாறையெல்லாம் ஆடுன்னு காட்டினா, உன்னையும் சேர்த்துத் தூக்கிட்டு வர மாட்டேன்.”

வண்டி திரும்பிப் போனது.

இருவரில் ஒருவர் சொன்னது உண்மையில்லை. சுடுகளத்துக் கதையில் ஒவ்வொருவரும் பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். இந்தக் கதையில் பெருமையை எதிர்ப்பக்கம் தள்ளுகிறார்கள். [ராவிரிக்குத் தெரியும். அவன் கடைத் தொலைபேசி எண்ணும் என்னிடம் இருக்கிறது. எடுத்தேன், நுரை எதனால் ஆனது என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.] இரண்டாம் பகுதியில் அடித்து ஓரமாக வைத்த, ‘யார் கைக்கு அளவோ அவருடையது’ என்ற வாக்கியத்தை இங்கே கொண்டுவந்து பொருத்திப் பார்த்தேன். கட்டைக்கு அது சரியாக இருந்தது. டூகல் கழுத்திலிருந்த அந்த பைனாகுலர் வாருக்குச் சரிப்படவில்லை.

வில்லையைத் தராசில் வைத்தேன். எண் கொஞ்சம் யோசித்து, ஒரு தேக்கரண்டி மாவின் எடையைக் காட்டியது.

அவர்கள் இறங்கி வந்ததும் இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெட்டினது வெட்டினதுதான் என்றாலும், இது என் வீட்டில் இருக்கக் கூடாது. கேட்டைத் திறந்து இருவரும் ஒன்றாகத்தான் வருவார்கள், மெரின் முதுகில் பின்னங்கால்களோடோ, வெறும் கையோடோ. வெட்டச் சொன்னது யார் என்று தெரியாவிட்டாலும், கொடுக்கிற கையை நான் ஒரு பக்கமாகத்தான் நீட்ட முடியும்.

நீங்கள் இவ்வளவு தூரம் கூடவே வந்திருக்கிறீர்கள். சொல்லுங்கள், யாரிடம் கொடுக்கட்டும்?